‘இருபது மடங்கு அதிகம் சேரும்’ என்று அட்டையில் போட்டிருந்தால் எதை நம்புவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: மஞ்சளில் உள்ள குர்குமின், உடலே தயாரிக்கும் கொழுப்பில் கரையும் பொருளான கோஎன்சைம் க்யூ10, வைட்டமின் சி ஆகிய மூன்றும் இப்போது ‘லைப்போசோமல்’, ‘நானோ’, ‘பைட்டோசோம்’ என்ற பெயர்களில் வருகின்றன. சாதாரண வடிவத்தைவிட இருபது மடங்கு, நூறு மடங்கு உடலில் சேரும் என்று அட்டையில் அச்சிடுகிறார்கள். இது உண்மையா, கூடுதல் பணம் கொடுத்து வாங்கலாமா? கேள்வி ஒன்றுபோல் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. அந்த மடங்குக் கணக்கு சரிதானா என்பது ஒன்று. சரியாகவே இருந்தாலும், ரத்தத்தில் கூடியது உடம்புக்கு நன்மையாக மாறுகிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். வாயால் விழுங்கும் மருந்தை உடல் ஏற்கும் வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் நான் படித்ததும் ஆண்டுக்கணக்காகச் செய்துவருவதும். இரண்டாவதில் ஆய்வுகள் பாதி வழியில்தான் நிற்கின்றன. உங்களுக்கு இந்த மாத்திரைகள் தேவையா என்பதை மட்டும் என்னால் சொல்ல இயலாது. நான் மருந்தாக்கவியல் படித்தவன், மருத்துவர் அல்ல.

பொருள் போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் லைப்போசோம் நல்லதா, நானோ நல்லதா என்று பேசிப் பயனில்லை. விழுங்கிய பொருள் துகளாகக் குடல் சுவரைக் கடப்பதில்லை. தனித்தனி மூலக்கூறாகக் கரைந்தால்தான் கடக்கும். குடலுக்குள் இருப்பதோ நீர். எண்ணெயில் கரையும் பொருள்கள் அந்த நீரில் கரையாமல் துகளாகவே மிதந்து, மூன்று நான்கு மணி நேரத்தில் சிறுகுடலைத் தாண்டிப் போய்விடுகின்றன. இவற்றுக்காக உடலே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. உணவோடு கொழுப்பு வந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை விடுகிறது. கணையத்திலிருந்து வரும் நொதி கொழுப்பை உடைக்கிறது. பித்த உப்பும், உடைந்த கொழுப்பமிலமும், லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிட் கொழுப்பும் சேர்ந்து சில நானோமீட்டர் அளவே உள்ள மைசெல்கள் என்ற நுண் உருண்டைகளாகின்றன. நீரில் கரையாத பொருள் அவற்றுக்குள் புகுந்துகொண்டு குடல் சுவர் வரை போய்ச் சேருகிறது.

சுவரின் செல்லுக்குள் நுழைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் முடிந்திருக்கிறது. அந்தச் செல்லிலேயே பி-கிளைக்கோபுரோட்டீன் போன்ற புரதங்கள் அந்நியப் பொருளைப் பிடித்துக் குடலுக்கே திருப்பித் தள்ளுகின்றன. வேறு சில நொதிகள் அதன்மேல் குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டி, உடலை விட்டு எளிதில் வெளியேறும் பொருளாக மாற்றிவிடுகின்றன. இதில் தப்பியது சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கும் இதே மாற்றம் இன்னொரு முறை நடக்கிறது. எண்ணெய்ப் பசை மிகுந்த சில பொருள்கள் மட்டும் கைலோமைக்ரான் என்ற கொழுப்புத் துளிகளில் ஏறி, நிணநீர் வழியே சென்று, கல்லீரலின் முதல் சுற்றைத் தவிர்த்துவிட்டு ரத்தத்தில் கலக்கின்றன.

ஆகவே ‘உடம்பில் சரியாகச் சேருவதில்லை’ என்ற ஒரே குறைக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. 1995-இல் மருந்தாக்கவியல் ஆய்வாளர் கார்டன் அமிடானும் அவருடைய குழுவினரும் மருந்துகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: நன்றாகக் கரைகிறதா, நன்றாகச் சுவரைக் கடக்கிறதா என்ற இரண்டே கேள்விகளை வைத்து. அதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கடந்தபின் உருமாறாமல் பிழைக்கிறதா? புதிய பொருள் ஒன்று கைக்கு வந்தால் எங்கள் துறையில் முதலில் தேடுவது அது எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதைத்தான். அந்தத் தடையைத் தொடாத வடிவம் எவ்வளவு நவீனமானாலும் வீண். திராட்சையில் உள்ள ரெஸ்வெராட்ரால் இதற்கு நல்ல சான்று. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், கதிரியக்க அடையாளமிட்ட 25 மில்லிகிராம் ரெஸ்வெராட்ராலை மனிதர்களுக்கு வாய்வழியாகக் கொடுத்துத் தொடர்ந்தார்கள். குறைந்தது 70 விழுக்காடு உடலுக்குள் போயிருந்தது. ஆனால் மாறாத நிலையில் ரத்தத்தில் இருந்தது ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கும் குறைவு. உட்கிரகிப்பில் குறையே இல்லை. உள்ளே போனதும் உருமாறிவிடுகிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பொருளை மேலும் நன்றாகக் கரைய வைத்து என்ன ஆகப்போகிறது? உருமாறிய பொருள்தான் இன்னும் கொஞ்சம் கூடும்.

கோஎன்சைம் க்யூ10 இதற்கு நேர் எதிர். அதன் தடை முழுக்க முழுக்கக் கரைதலில் இருக்கிறது. ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறப் படிகம் அது. உருகுநிலை ஏறத்தாழ 48 டிகிரி செல்சியஸ். உடலின் வெப்பம் 37. எனவே வயிற்றுக்குள் தானாக உருகாது. படிகமாக உள்ளே போனால் பெரும்பாலும் படிகமாகவே வெளியே வரும். எண்ணெய் நிரப்பிய மென்கேப்சூலில் வந்தால் கரைந்துதான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு கேப்சூலைக் கத்தரித்து, உள்ளிருப்பதில் ஒரு பொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துத் துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை தெரியும். கரைந்திருந்தால் களம் முழுவதும் இருட்டு. கரையாமல் எண்ணெயில் மிதக்கிறதென்றால் ஊசி ஊசியாக, தகடு தகடாகப் படிகங்கள் இருட்டில் மின்னும். தயாரிக்கும்போது சூடாக்கிக் கரைத்திருப்பார்கள். குளிர்ந்து அலமாரியில் இருக்கையில் மெல்ல மெல்ல மறுபடியும் படிகமாகிவிடும். இதைத் தடுக்க எந்த எண்ணெய், எவ்வளவு, எந்தச் சேர்மானத்தோடு என்பதுதான் தயாரிப்பின் நுட்பமே. 2019-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வொன்றில் 100 மில்லிகிராம் க்யூ10 கொண்ட ஏழு தயாரிப்புகளை ஆரோக்கியமான 14 பேரிடம் சோதித்தார்கள். அவற்றில் சிலவற்றில் ஒரே எண்ணெயில் ஒரே பொருள்தான். படிகத்தைக் கலைத்ததும் கலைக்காததும் ரத்தத்தில் பெரிய வித்தியாசத்தைக் காட்டின. இந்தப் பொருளில் வடிவம் என்பது விளம்பரச் சொல் அல்ல என்று என்னால் தயக்கமின்றிச் சொல்ல முடியும்.

இப்போது குர்குமின். கரைவதும் கடினம், கரைந்தாலும் நொதிகள் விடுவதில்லை, காரத்தன்மையுள்ள நீரில் தானாகவே சிதைந்தும் போகும். மூன்று பக்கமும் அடைப்பு உள்ள பொருள். நீங்கள் பார்த்த ‘இருபது மடங்கு’ என்ற எண் பெரும்பாலும் 1998-இல் வெளியான ஒரு சிறிய ஆய்விலிருந்து வருகிறது. இரண்டு கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு 2000 விழுக்காடு உயர்ந்தது என்று அதில் பதிவாகியிருக்கிறது. நேர்மையாகச் செய்த ஆய்வுதான். ஆனால் கணக்கைக் கவனியுங்கள். பைப்பரின் இல்லாமல் குர்குமினை மட்டும் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அது அளவிடவே முடியாத அளவிலோ மிக மிகக் குறைவாகவோதான் இருந்தது. வகுக்கும் எண் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஈவு எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக வரும். ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு மிகச் சிறியதாகவே இருக்கலாம். மடங்கைச் சொல்லிவிட்டு, ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்ற அசல் அளவைச் சொல்லாமல் விடும் எந்தத் தயாரிப்பையும் நான் நம்புவதில்லை.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. வெளியே அதிகம் பேசப்படுவதும் இல்லை. குர்குமினின் பெரும்பகுதி ரத்தத்தில் குளுக்குரோனைடாக, அதாவது குளுக்குரோனிக் அமிலம் ஒட்டிய வடிவமாக, உருமாறித்தான் சுற்றுகிறது. பல ஆய்வுக்கூடங்களில் ரத்த மாதிரியைக் குளுக்குரோனிடேஸ் என்ற நொதியோடு சேர்த்து வைத்து, ஒட்டியிருக்கும் அந்த அமிலத்தை வெட்டிவிட்டு, பிறகு குர்குமினை அளக்கிறார்கள். அப்படி அளந்தால் உருமாறியதும் உருமாறாததும் சேர்ந்த மொத்தக் கணக்குதான் வரும். உருமாறாத குர்குமினை மட்டும் அளந்த எண்ணோடு இந்த மொத்தத்தை ஒப்பிடுவது தவறு. ஆனாலும் ஒரே விளம்பரத்தில் இரண்டும் அருகருகே வருவதைப் பார்க்க முடிகிறது. உருமாறிய வடிவத்துக்கு வீரியம் குறைவு என்றே பல சோதனைகள் காட்டுகின்றன. சில திசுக்களில் ஒட்டிய அமிலம் மறுபடி வெட்டுப்பட்டு, குர்குமின் விடுபடக்கூடும் என்ற கருத்தும் இருக்கிறது; அது மனிதர்களில் எவ்வளவு நடக்கிறது என்பது இன்னும் தீராத விவாதம்.

தடை கரைதலில்தான் என்று தெரிந்த பொருளுக்கு எந்த வடிவம் கைகொடுக்கும்? எனக்கு மிகுந்த நம்பிக்கை உள்ளது தானாகப் பால்மமாகும், அதாவது நீரில் எண்ணெய்த் துளிகளாகப் பரவும், கலவைகளின் மீதுதான். எண்ணெய், எண்ணெயையும் நீரையும் கலக்கவைக்கும் பரப்புச் செயலி, துணைக் கரைப்பான் மூன்றையும் கலந்து அதில் பொருளைக் கரைத்துக் கேப்சூலில் அடைப்பார்கள். வயிற்று நீர் பட்டதும், குலுக்காமலே, மிக நுண்ணிய துளிகளாகப் பிரிந்துவிடும். 37 டிகிரி நீரில் ஒரு துளியை விட்டுப் பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தின் முதல் சோதனை. நல்ல கலவை சில நொடிகளில் பரவி, நீர் லேசான நீலச் சாயலோடு ஒளி ஊடுருவும்படி நிற்கும். துளிகள் நூறு நானோமீட்டருக்குக் கீழே இருக்கின்றன என்று பொருள். பால்போல வெளுத்தால் துளிகள் பெரியவை. அதோடு நின்றுவிடக் கூடாது. அந்தக் கலவையோடு பித்த உப்பையும் கணைய நொதியையும் சேர்த்துச் சில மணி நேரம் செரிக்கவிட வேண்டும். நீரில் அழகாக நின்ற எத்தனையோ கலவைகள் இந்தக் கட்டத்தில் எண்ணெய் செரிந்துபோனதும் பொருளைக் கைவிட்டு, அடியில் வண்டலாகப் படியவிட்டிருக்கின்றன. குடலுக்குள் நடப்பதற்கு நெருக்கமானது இந்த இரண்டாவது சோதனைதான். துளியின் நானோமீட்டர் அளவை மட்டும் பெருமையாக அச்சிடும் தயாரிப்புகளில் நான் தேடுவது இதன் முடிவைத்தான், கிடைப்பது அரிது. இந்த வழி நடக்கிற வழிதான் என்பதற்கு மருந்துலகம் சான்று தந்திருக்கிறது. உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கான சைக்ளோஸ்போரினின் பழைய எண்ணெய் வடிவம் பித்தநீரைப் பெரிதும் சார்ந்திருந்தது. ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை ரத்த அளவு மாறியது. 1990-களின் நடுவில் தானாக நுண்பால்மமாகும் புதிய வடிவம் வந்தபின் அந்த ஏற்றத்தாழ்வு வெகுவாகக் குறைந்தது. கவனியுங்கள், அளவு கூடியதைவிடச் சீரானதுதான் அங்கே பெரிய லாபம்.

லைப்போசோம் வேறு வகை. 1960-களில் அலெக் பாங்கம் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் பாஸ்போலிப்பிட்கள் நீரில் தாமாகவே இரட்டைச் சுவர் கொண்ட நுண்குமிழிகளாவதைக் கண்டறிந்தார். ஊசி மருந்துகளில் அதன் பயன் கேள்விக்கு அப்பாற்பட்டது. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லைப்போசோமல் டாக்சோரூபிசின் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் இருக்கிறது. ஆனால் ஊசி நேரே ரத்தத்துக்குப் போகிறது. வாய்வழியாகப் போவது பித்த உப்பையும் பாஸ்போலிப்பேஸ் நொதியையும் எதிர்கொள்கிறது. பாஸ்போலிப்பிட்டைக் கரைப்பதும் அறுப்பதும்தான் அவற்றின் வேலை. சாதாரண லெசித்தினால் ஆன குமிழி அங்கே முழுதாகப் பிழைத்து, முழுதாகக் குடல் சுவரைக் கடக்கிறது என்று படம் போட்டுக் காட்டுவதை ஏற்பது கடினம். பெரும்பகுதி உடைந்து மைசெல்களாகிவிடும் என்பதே என் கணிப்பு. அதிலும் ஒரு பயன் இருக்கிறது. உடைந்த லெசித்தின் கரையாத பொருளைச் சுமக்க உதவும். பைட்டோசோம் என்ற பெயரில் வரும் பாஸ்போலிப்பிட் கூட்டுகளுக்கும் இதே விளக்கம் பொருந்தும். குமிழிக்குள் அடைப்பதற்குப் பதிலாக, பொருளையும் பாஸ்போலிப்பிட்டையும் மூலக்கூறு அளவில் இணைக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இருக்கும் கவலை வேறு. தூளில் லெசித்தினைக் கலந்துவிட்டு லைப்போசோம் என்று பெயரிட்டால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. குமிழி உண்மையில் இருக்கிறதா, அதற்குள் எத்தனை விழுக்காடு பொருள் அடைபட்டிருக்கிறது என்பதை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியும் துகளளவுச் சோதனையும்தான் சொல்லும். மற்ற வடிவங்களில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் குறிப்பிடத்தக்கது: ஆறு, ஏழு அல்லது எட்டுக் குளுக்கோஸ் அலகுகள் கொண்ட வளையம், உட்புறம் எண்ணெய்ப் பசையை ஏற்கும், வெளிப்புறம் நீரை ஏற்கும். குடலில் கரையும் மேற்பூச்சு, ஆல்ஜினேட் மணிகள் போன்றவை அமிலத்தில் சாகும் நுண்ணுயிரிகளையும் சிதையும் பொருள்களையும் காப்பாற்றுவதற்கானவை. கரையாமைக்கு அவை மருந்தல்ல.

வைட்டமின் சி-க்கு இந்தச் சிரமமெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது நீரில் தாராளமாகக் கரையும். ஒரு நாளைக்கு 30 முதல் 180 மில்லிகிராம் வரை எடுத்துக்கொண்டால் 70 முதல் 90 விழுக்காடு சேர்ந்துவிடும். ஒரு கிராமைத் தாண்டினால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காரணம், குடல் சுவரில் அதைச் சுமக்கும் புரதங்கள் நிரம்பிவிடுகின்றன. ரத்தத்தில் மிகுந்ததைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. உடலே விரும்பி வைத்திருக்கும் வரம்பு இது. 2016-இல் 11 பேரை வைத்துச் செய்த ஆய்வில் நான்கு கிராம் லைப்போசோம் வடிவம் ரத்த அளவைச் சாதாரண வடிவத்தைவிடக் கூட்டியது, ஊசியைவிடக் குறைவாகவே கூட்டியது. அதே ஆய்வில் ஆக்சிஜனேற்றப் பாதிப்பிலிருந்து கிடைத்த பாதுகாப்பை அளந்தபோது எல்லா வடிவங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. ரத்தத்தில் தெரிந்த வித்தியாசம் பலனில் தெரியவில்லை. பதினொரு பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. ரத்த அளவு கூடினால் நன்மை கூடும் என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, கேரட் போன்றவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் போல ஒரு பாடம் வேறில்லை. கரோட்டின் நிறைந்த உணவை உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் காட்டின. அதை நம்பி பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களிடம் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், நீரில் எளிதில் கலையும் நுண்மணி வடிவில். அவர்கள் ரத்தத்தில் அளவு பல மடங்கு உயர்ந்தது. 1994-இல் முடிவு வெளியானபோது பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். அமெரிக்காவில் ரெட்டினாலையும் (வைட்டமின் ஏ) சேர்த்துக் கொடுத்த மற்றோர் ஆய்வில் 28 விழுக்காடு அதிகம். 1996 ஜனவரியில் அதைக் காலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டியதாயிற்று. சேர்க்கும் வேலையை மாத்திரை சரியாகவே செய்தது. சேர்ந்தபின் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. குர்குமினைப் பொறுத்தவரை 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் எழுதிய விரிவான மதிப்பீடு ஒன்று, சோதனைக்குழாயில் அது காட்டும் பல விளைவுகள் சோதனை முறையையே குழப்பும் அதன் வேதித் தன்மையால் வருபவையாக இருக்கலாம் என்று எச்சரித்தது. மூட்டுவலியில் சில சிறு ஆய்வுகள் ஓரளவு நிவாரணத்தைக் காட்டுகின்றன. அவற்றையும் முற்றாகத் தள்ளிவிட நான் சொல்லவில்லை.

சேராததெல்லாம் வீண் என்பதும் சரியல்ல. மாதுளை, வால்நட் போன்றவற்றில் உள்ள எல்லாஜிடானின்கள் அப்படியே ரத்தத்தில் சேருவதில்லை. பெருங்குடலின் பாக்டீரியாக்கள் அவற்றை யூரோலித்தின்களாக மாற்றுகின்றன; சேருவது அவைதான். சோயாவில் உள்ள டெய்ட்சீன் என்ற பொருளை ஈக்வால் என்ற வேறொரு பொருளாக மாற்றும் பாக்டீரியா எல்லோருடைய குடலிலும் இருப்பதில்லை. அது இல்லாதவருக்கு எந்தக் கேப்சூல் வடிவமும் அந்த மாற்றத்தைச் செய்து தராது. சிறுகுடலிலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிடும் வடிவம் பெருங்குடலுக்குப் போக வேண்டியதைத் தடுத்துவிடவும் கூடும்.

நொதியைத் தடுத்து வேலை செய்யும் பைப்பரினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உண்மையான ஆபத்து. லைப்போசோமோ பால்மமோ தான் சுமக்கும் பொருளை மட்டும் பார்த்துக்கொள்கிறது. பைப்பரினோ உடலின் காவலையே தளர்த்துகிறது. அந்த நேரத்தில் நீங்கள் விழுங்கும் மற்ற மருந்துகளுக்கும் கதவு திறக்கும். வலிப்புக்கான பினைடோயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்பிரனோலால், ஆஸ்துமாவுக்கான தியோபிலின் ஆகியவற்றின் ரத்த அளவு பைப்பரினால் உயர்ந்ததை மனிதர்களில் செய்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. இவற்றில் பினைடோயினும் தியோபிலினும் சற்றுக் கூடினாலே நஞ்சாகும் மருந்துகள். கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க வலையமைப்பு 2022-இல் மஞ்சள் கிழங்கிலிருந்து செய்த மாத்திரைகளோடு தொடர்புடைய பத்துப் பேரின் விவரங்களை வெளியிட்டது. அவர்களில் ஏழு பேரிடம் எச்.எல்.ஏ-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. மூவர் எடுத்த தயாரிப்பில் பைப்பரின் இருந்தது. கோடிக்கணக்கானோர் எடுத்துக்கொள்ளும் பொருளில் பத்துப் பேர் என்பது அரிதுதான். ஆனால் பாதிப்பு மெய்யானது. பரப்புச் செயலிகளில் பாலிசார்பேட் 80 எலிகளின் குடலில் லேசான அழற்சியை உண்டாக்கியதாக 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. கேப்சூலில் இருக்கும் சிறிய அளவு மனிதர்களுக்கு அப்படிச் செய்யும் என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

விலை உயர்ந்த வடிவத்தைத் தேடுவதற்கு முன் செலவில்லாத வழிகளைப் பார்த்துவிடுங்கள். கொழுப்பில் கரையும் எதையும் வெறும் வயிற்றில் விழுங்காதீர்கள். வைட்டமின் டி-யைக் கொழுப்புள்ள உணவோடு கொடுத்தபோது கொழுப்பில்லாத உணவோடு கொடுத்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ரத்தத்தில் உயர்ந்ததாக 2015-இல் வந்த ஆய்வு சொல்கிறது. மீன் எண்ணெயை வேதிமுறையில் மாற்றிய எத்தில் எஸ்டர் வடிவிலான ஒமேகா-3 கொழுப்பு குறைந்த உணவோடு மிக மோசமாகச் சேரும். நல்ல சாப்பாட்டோடு எடுத்தால் மற்ற வடிவங்களோடு உள்ள இடைவெளி பெரிதும் சுருங்கிவிடும். இரும்புச் சத்தில் நேரம்தான் வடிவம். ஒரு வேளை இரும்பு எடுத்ததும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்கு அடுத்த வேளையின் உட்கிரகிப்பைக் குறைக்கிறது. இரும்பு குறைந்த பெண்களில் 2017-இல் செய்த ஆய்வில் தினமும் எடுத்தபோது 16.3 விழுக்காடும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தபோது 21.8 விழுக்காடும் சேர்ந்தன. இதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். வைட்டமின் பி12-ஐ வழக்கமான வழியில் ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவே உடல் ஏற்கும். ஆயினும் 1000 மைக்ரோகிராம் விழுங்கினால் அதில் ஒரு விழுக்காடு தானாகக் கசிந்து சேரும், அதுவே தேவைக்கு மேல். எந்த நானோ வடிவமும் இல்லாமல் அளவைக் கூட்டியே தீர்த்த பிரச்சினை இது.

உங்கள் மூன்று மாத்திரைகளுக்கு வருகிறேன். க்யூ10-க்கு மட்டும் வடிவத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது: எண்ணெயில் முழுதாகக் கரைந்து, படிகமாகாமல் நிற்பதாகச் சோதனை முடிவு காட்டும் தயாரிப்பைத் தேடுங்கள், கொழுப்புள்ள உணவோடு எடுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் க்யூ10-ஐத் தொடங்காதீர்கள். அந்த மருந்தின் வேலையை அது குறைத்ததாக நோயாளி அறிக்கைகள் உண்டு. வைட்டமின் சி-க்கு லைப்போசோம் தேவையில்லை. ஒரு கிராமை ஒரேயடியாக விழுங்குவதைவிடச் சிறு அளவுகளாகப் பிரித்து எடுத்தாலே போதும். குர்குமினில் மாறாத வடிவத்தின் அசல் ரத்த அளவையும், தங்கள் தயாரிப்பையே வைத்து மனிதர்களில் செய்த ஆய்வையும் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். வேறு நிறுவனத்தின் ஆய்வை அனுப்பினால் அது உங்கள் கையில் இருக்கும் கேப்சூலுக்குப் பொருந்தாது. தினமும் வேறு மருந்து எடுப்பவர் பைப்பரின் சேர்ந்ததைத் தவிர்ப்பது நல்லது. எந்த வடிவமானாலும் தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ சிறுநீர் அடர்ந்த நிறமானால், கண் மஞ்சளித்தால், காரணமில்லாத அரிப்பும் அசதியும் வந்தால், மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.